கூரை மேல் 180 கிலோ

நான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போதும் இரவில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சில நாட்களில் அந்தச் சாய்வு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. பயம் என்று சொல்ல முடியாது. பயம் அன்று மாலையே போய்விட்டது. போகாமல் இருப்பது ஒரு எரிச்சல். எல்லாம் தெரிந்தவன் நான். மணலில் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒரு வருடம் படித்திருக்கிறேன், மணிக்கணக்கில் வீடியோ பார்த்திருக்கிறேன், நண்பர்களுக்குப் பாடம்கூட எடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் அப்படிச் செய்தேன்?

மணலில் வண்டி மாட்டிக்கொண்டதைச் சொல்லவில்லை. அது நடக்கும். மாட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பாலைவனத்தின் ஓரத்தோடு திரும்பிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நான் சொல்வது அதற்கு முன்னால் நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் முழுவதும் என் எஸ்யூவியை நான் "தயார்" செய்துகொண்டிருந்தேன். வண்டியை உயர்த்தும் 2 அங்குல லிஃப்ட் கிட். 31 அங்குலத்துக்குப் பதிலாக 33 அங்குல டயர். முன்னால் இரும்பு பம்பர், அதற்குள் வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச். அடிப்பக்கம் காப்புத் தகடு, பக்கவாட்டில் கதவுக்குக் கீழே ஸ்லைடர் என்ற இரும்புக் குழாய், பின்னால் இழுப்பறைப் பெட்டி, இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ், எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னார்க்கெல். மேலே ரூஃப் ரேக், அதன் மேல் கூடாரம், ஸ்டெப்னி, இரண்டு தண்ணீர் கேன், ஆளுயர ஜாக். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ கேட்ட ஒரு கதை இருந்தது. யாரோ ஒருவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது, அதனால் கேன். யாருக்கோ பேட்டரி இறங்கிப்போயிருந்தது, அதனால் இன்னொரு பேட்டரி. எனக்கு நடக்காத விபத்துகளுக்கெல்லாம் என் வண்டியில் ஒரு பொருள் இருந்தது. மயிலிறகு ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான் நானும். இரும்பு பம்பருக்கு அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

வேலை செய்து கொடுத்த கடையிலும் எடை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் "மாட்டிடலாம் சார்" என்றார்கள். மாட்டியும் விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கழற்றுவதற்கு யாரும் கடைக்குப் போவதில்லை.

18-லேயே நின்றேன்

நாங்கள் ஐந்து வண்டிகள். முன்னால் போனவர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், மணலில் இருபது வருடப் பழக்கம் உள்ளவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கெட்டியான தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் எல்லோரும் இறங்கி டயரில் காற்றைக் குறைத்தோம். ஐந்து வண்டியிலும் ஒரே நேரத்தில் அந்த "உஸ்ஸ்" சத்தம் கேட்கும்போது ஒரு சந்தோஷம் வரும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

காற்றைக் குறைப்பது ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது தேவை. டயருக்குள் இருக்கும் அழுத்தமும் டயர் தரையில் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த அளவில் 35-ஐ 15 ஆக்கினால் அதே எடையைத் தாங்க டயர் இரண்டு மடங்குக்குப் பக்கமான பரப்பைத் தரையில் பதிக்க வேண்டியிருக்கும். அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். காற்று நிறைந்த உருண்டை டயர் தனக்கு முன்னால் ஒரு மணல் மேட்டைத் தள்ளிக்கொண்டே போகும், ஏறவே முடியாத ஒரு படியில் ஏறிக்கொண்டே இருப்பதுபோல. காற்று குறைந்த டயர் அந்த மணலின் மேலேறி மிதந்து போகும். எஞ்சின் சக்தி, இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் டிஃப் லாக், டயர் மேற்பரப்பின் பட்டன் எல்லாம் இதற்குப் பிறகுதான். சொல்லப்போனால் பட்டன் ஆழமான சேற்று டயர்கள் மணலில் பள்ளம் தோண்டுவதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

"தம்பி, எவ்வளவுல இருக்கு?" என்று அண்ணன் வந்து கேட்டார்.

"பதினெட்டுண்ணே."

"உங்க வண்டிக்கு அது பத்தாது. பதிமூணுக்கு எறக்குங்க."

"வேண்டாம்ணே, ரிம்ம விட்டுக் கழண்டுரும்."

அவர் என் வண்டியை ஒரு தடவை கீழிருந்து மேல் வரை பார்த்தார். கூரையில் கொஞ்ச நேரம் அவர் கண் நின்றது. பிறகு, "சரி, பார்த்துக்கலாம்" என்று போய்விட்டார். மணலில் இருபது வருடம் இருந்தவர்கள் வாக்குவாதம் செய்வதில்லை. மணலே பேசட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

என் பயம் முழுக்க முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். காற்று மிகவும் குறைந்த டயரோடு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து நழுவும், உண்மைதான். அதைத் தடுக்கத்தான் டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம்கள் வந்தன. என்னிடம் அது மட்டும் இல்லை. ஆனால் அன்று நான் நிஜமாக யோசித்தது வேறு. இவ்வளவு மாட்டிவைத்திருக்கிறேன், அந்த ஐந்து பிஎஸ்ஐயை இந்தப் பொருட்கள் பார்த்துக்கொள்ளாதா? இதை அப்போது இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஓடியது இதுதான்.

முதல் இரண்டு மணி நேரம் அருமையாகப் போனது. அதிகாலை மணல் இரவுக் குளிரும் கொஞ்சம் பனி ஈரமும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். அதில் யார் வேண்டுமானாலும் நன்றாக ஓட்டலாம். என் 18 சரிதான் என்று அந்த இரண்டு மணி நேரம் எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனிடம் சொல்லியும் காட்டினேன். பத்து மணிக்குமேல் மணல் உலர்ந்து மாவு மாதிரி ஆனது. வெயில் உச்சிக்கு ஏற ஏற நிழல்கள் சுருங்கி, மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகிவிட்டது. முகட்டுக்கு அந்தப் பக்கம் தரை இருக்கிறதா இல்லையா என்று இறங்கி நடந்து பார்த்துத்தான் போக வேண்டும். மணற்குன்றில் காற்று வீசும் பக்கம் பெரும்பாலும் 10, 15 டிகிரியில் தணிவாக ஏறும். மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கும் கோணம், 32 முதல் 34 டிகிரி வரை. மேலே போகும்போது ஆகாயம், அடுத்த நொடி கண்ணாடி முழுக்கத் தரை.

அந்த ஐந்து நொடி

அந்தக் குன்று 25 மீட்டர் உயரம் இருக்கலாம். கடைசிப் பகுதி செங்குத்தாக, குழைந்த மணலாக இருந்தது. எனக்கு முன்னால் மூன்று வண்டிகள் ஏறிவிட்டன. நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் ஃபோர் லோவில் நான் இரண்டாவது கியர் போட்டு, வண்டியே ஆக்ஸிலரேட்டரைக் குறைத்துவிடாதபடி டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, ஓடிவந்து ஏறினேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே மூச்சு நின்றது. ரிவர்ஸ் போட்டு நேர்கோட்டில் கீழே வந்தேன். அதுவரை எல்லாம் புத்தகப்படி. இரண்டாவது தடவை இன்னும் வேகம். முன்னால் ஏறியவர்களின் தடத்தில் விழுந்திருந்த குழிகளில் வண்டி குதித்து, குதித்த ஒவ்வொரு தடவையும் வேகத்தை இழந்தது. அதுவும் போனது. வாக்கிடாக்கியில் அண்ணன், "தம்பி, காத்து" என்று ஒரே வார்த்தை சொன்னார். "இன்னும் ஒரு தடவைண்ணே" என்றேன்.

மூன்றாவது தடவை முகடு தெரிந்தது. இரண்டு வண்டி நீளம்தான் பாக்கி. எஞ்சின் குரல் இறங்குவது காதில் விழுந்தது. வேகம் தீரப்போகிறது என்பது காலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நின்று, ரிவர்ஸ் போட்டு, நேராகக் கீழே வருவது. ஏற்கெனவே இரண்டு தடவை செய்ததுதான். ஆனால் மூன்றாவது தடவையும் பின்னால் வருவதா? மேலே மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை இடது பக்கம் திரும்பியது. அரை வட்டம் அடித்து முன்பக்கமாகவே இறங்கிவிடலாம் என்று.

மணற்சரிவில் குறுக்கே திரும்பக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம். நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும்கூட.

வண்டி குறுக்கே வந்து நின்றுவிட்டது. நின்ற உடனே இடது பக்க டயர்கள் புதைய ஆரம்பித்தன. சரிவில் குறுக்காக நிற்கும்போது எடை பெரும்பாலும் கீழ்ப்பக்கம் போகும். கீழ்ப்பக்க டயர்கள் புதையப் புதையச் சாய்வு கூடும், சாய்வு கூடக் கூட எடை இன்னும் அந்தப் பக்கம் போகும். டாஷ்போர்டில் அலங்காரத்துக்காக ஒட்டியிருந்த சாய்வுமானி அன்று ஒரு நாள் உண்மையாக வேலை செய்தது. 29. 31. 33-இல் நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. கண்ணாடியில் மணல் உரசி வடியும் சத்தம். கூரையில் கேனுக்குள் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி "தளக்" என்றது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தலைக்கு மேலே இருப்பது எவ்வளவு எடை என்று அந்த ஒரு வருடத்தில் முதல் முறையாக அப்போதுதான் யோசித்தேன்.

நண்பன் இடது கதவின் மேல் கிட்டத்தட்டப் படுத்திருந்தான். நான் சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். என் பக்கம் மேல்பக்கம். கதவைத் திறந்து குதித்துவிடலாம் என்று கை கைப்பிடிக்குப் போனது. அப்போது வாக்கிடாக்கி: "எறங்காதீங்க. ரெண்டு பேரும் எறங்காதீங்க. பிரேக்க அழுத்தி அப்படியே இருங்க."

அதற்கான காரணம் பிறகுதான் புரிந்தது. மேல்பக்கம் உட்கார்ந்திருந்த என் உடம்பு அந்த வண்டிக்கு ஒரு எதிர் எடை. நான் குதித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். வண்டி நண்பனோடு உருண்டிருக்கலாம். அதை இங்கே எழுதவே கை கொஞ்சம் தயங்குகிறது.

மேலே இருந்தவர்கள் ஓடி வந்தார்கள், யாரும் கீழ்ப்பக்கம் போகாமல். இரண்டு பேர் வலது ஸ்லைடரில் ஏறி ரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார்கள், பாய்மரப் படகில் நிற்பதுபோல. நண்பனை மெதுவாக என் பக்கம் ஊர்ந்து வரச் சொன்னார்கள். ஒருவர் மேல்பக்க டயர்களுக்கு அடியில் மண்வெட்டியால் மணலை எடுத்தார். தாழ்ந்திருக்கும் பக்கத்தைத் தூக்க முடியாது, உயர்ந்திருக்கும் பக்கத்தைத் தாழ்த்தலாம் அல்லவா. அண்ணன் கூரையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். தண்ணீர் கேன், இன்னொரு கேன், ஜாக், ஸ்டெப்னி. ஒவ்வொன்று இறங்கும்போதும் வண்டி லேசாக ஆடியது. கூடாரத்தின் போல்ட்டுகளைக் கழற்ற இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நான் பிரேக்கில் கால் வைத்தபடி, ஒவ்வொரு போல்ட்டையும் கடையில் எவ்வளவு ஆசையாக நின்று பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாய்வுமானி 24-க்கு வந்ததும், "இப்ப ஸ்டியரிங்க கீழ்ப்பக்கமா முழுசா ஒடிங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. மெதுவா விடுங்க. மூக்கு கீழ எறங்கினதும் லேசா ஆக்ஸிலரேட்டர், பிரேக்கத் தொடாதீங்க" என்றார். கை மேல்பக்கமாகத் திருப்பத்தான் துடித்தது. பள்ளத்தைப் பார்த்து யாராவது வண்டியைத் திருப்புவார்களா? திருப்பினேன். மூக்கு கீழே விழுந்தது, சாய்வு போனது, வண்டி நேராகிச் சரசரவென்று அடிவாரத்துக்கு வந்து நின்றது. நண்பன் இறங்கிப் போய் மணலில் உட்கார்ந்தான். பத்து நிமிடம் என்னோடு பேசவில்லை.

நான்காவது தடவை

அதன்பிறகு நடந்ததுதான் எரிச்சலுக்குக் காரணம். அண்ணன் தானே குனிந்து நான்கு டயரிலும் காற்றை 13-க்கு இறக்கினார். கூரை காலி. "இப்ப போங்க. வேகம் வேண்டாம். பாதி வேகம் போதும்" என்றார். போனேன். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறி முகட்டில் நின்றது. டயரும் ரிம்மை விட்டு நழுவவில்லை. மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவ்வளவுதானா என்று கோபம்தான் வந்தது. அடிவாரத்தில் என் சாமான்கள் குவியலாகக் கிடந்தன, வீடு காலி செய்தவன் தெருவில் போட்டுவைத்த மாதிரி. அவற்றை மற்ற நான்கு வண்டிகளில் பங்கு போட்டு ஏற்றினார்கள். அந்தக் கூச்சத்தை விவரிக்கப் போவதில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் பழையபடி ஏற்றி, டேங்கை நிரப்பி, நண்பனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு லாரிகளுக்கு எடை போடும் எடைமேடைக்குப் போனேன். 2,960 கிலோ. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 2,900. பிறகு வீட்டில் தராசு வைத்துக் கூரைச் சாமான்களைத் தனித்தனியாக நிறுத்தேன்: ரேக் 30, கூடாரம் 58, கேன்கள் 42, ஸ்டெப்னி 37, ஜாக் 13. ஆக 180. வண்டியின் கையேட்டில் கூரைக்கு 100 கிலோதான் வரம்பு, அதுவும் சாதாரண சாலைக்கு. அந்தக் கையேடு ஒரு வருடமாக என் முழங்காலுக்கு முன்னால் இருந்த பெட்டிக்குள்தான் கிடந்தது. லிஃப்ட்டும் பெரிய டயரும் சேர்ந்து வண்டியையே ஏற்கெனவே 3 அங்குலம் தூக்கியிருந்தன. அதற்கு மேல் 180 கிலோ. பெரிய டயருக்கு ஏற்ப கியர் விகிதத்தையும் மாற்றாததால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஆறு சதவீதம் போல வேறு குறைந்திருந்தது. நான் சேர்த்த பொருட்கள் கூட்டணி வைத்து எனக்கு எதிராகவே வேலை செய்திருக்கின்றன.

இந்தச் சமயத்தில்தான் ரால்ஃப் பேக்னால்டைப் பற்றி மறுபடி படித்தேன். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பொறியாளர். 1920-களின் கடைசியில் ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனவர். கார் போகவே முடியாது என்று கருதப்பட்ட பெரும் மணற்கடலுக்குள் 1930-இல் ஓட்டிக் காட்டியவர். டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு வைப்பது, கொதிக்கும் ரேடியேட்டரின் ஆவியை ஒரு கேனுக்குள் பிடித்துத் தண்ணீராக்கித் திரும்ப அனுப்புவது என்று இன்றைக்கு நாம் செய்கிற பலவற்றை அவரும் அவருடைய நண்பர்களும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு படித்தபோது இதையெல்லாம் குறித்துவைத்திருந்தேன். இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. 1940-இல் அவர் தொடங்கிய லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்ற ராணுவப் பிரிவின் லாரிகளில் செய்த மாற்றங்களில் முக்கியமானது எதையும் மாட்டுவதே அல்ல. கதவைக் கழற்றினார்கள், கூரையைக் கழற்றினார்கள், முன் கண்ணாடியைக்கூடக் கழற்றினார்கள். வாரக்கணக்கில் வெளியே இருக்கத் தேவையான தண்ணீரையும் பெட்ரோலையும் ஏற்ற வேண்டுமே, எடைக்கு எங்கேயாவது இடம் விட வேண்டும் அல்லவா. ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினார்கள், அகலமான டயர் போட்டார்கள், அதெல்லாம் உண்டு. ஆனால் சாமான் வாங்கும் ஆர்வத்தில் அந்தக் கழற்றிய பட்டியலை மட்டும் எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. 1962-இல் ஆஸ்திரேலிய நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சிம்ப்சன் பாலைவனத்தை நிசான் பேட்ரோலில் கடந்ததும் இப்படித்தான் இன்னொரு கண்ணோடு பார்க்க வைத்தது. அந்த வண்டியில் ஃபிரிட்ஜ் இருந்திருக்காது என்று தைரியமாக நம்புகிறேன்.

எல்லா மாற்றமும் வீண் என்று சொல்ல வரவில்லை. சட்டகத்தோடு போல்ட் போட்ட, உறுதி கணக்கிட்ட இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் கட்டாயம் வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஸ்ட்ராப்பைக் கட்டி இழுக்கும்போது அது முறிந்து குண்டுபோல் பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஒரு நல்ல கம்ப்ரஸர் வேண்டும். காற்றைத் திரும்ப அடிக்க முடியும் என்ற தைரியம் இருந்தால்தான் இறக்கவே மனசு வரும். மண்வெட்டி, புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு ரிகவரி போர்டு, குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவருக்கு நம்மைக் காட்டும் உயரமான கொடி. மரமோ பாறையோ இல்லாத இடத்தில் வின்ச்சை எதில் கட்டுவது? ஸ்டெப்னியைக் குழிதோண்டிப் புதைத்து அதில் கட்டலாம் என்பார்கள். 37 கிலோ டயரை உச்சி வெயிலில் புதைத்துவிட்டு வந்து எனக்கு அதைச் சொல்லுங்கள்.

கூடாரம் இப்போது கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கேன்கள் பின்னிருக்கைக்குக் கீழே, தரைமட்டத்துக்கு வந்துவிட்டன. இழுப்பறைப் பெட்டியும் இரண்டாவது பேட்டரியும் போயின. இரும்பு பம்பரைக் கழற்ற மனசு வரவில்லை, அதற்கு நான் சொல்லும் காரணங்களை நானே நம்புவதில்லை. போன மாதம் மறுபடி மணலுக்குப் போனோம். நண்பன் ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தான். குதிகாலை உயர்த்திக் கூரையைப் பார்த்தான். பிறகு பிரஷர் கேஜை என்னிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு டயராகக் குந்தி உட்கார்ந்து அவனே அளந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்க இடது டயரில் 14 இருந்தது. வால்வை அழுத்தி அதையும் 13-க்கு இறக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தான்.